அருளும் கல்வியும்: டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை

திருவள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். உற்றார் உறவினரிடத்துச் செல்லும் நெகிழ்ச்சியை அன்பு என்றும், எவ்வகைத் தொடர்பும் இல்லாத உயிர்களிடத்தும் இயல்பாகச் செல்லும் நெகிழ்ச்சியை அருள் என்றும் உரையாசிரியர்கள் வேறுபடுத்திக் காட்டுவர். கிறித்தவ சமயத்தின் நடுநாடியாக விளங்கும் கோட்பாடும் இதனை ஒட்டியதே. மனிதன் தகுதி பெறுவதற்கு முன்னரே இறைவன் அவனை நேசித்தான். அந்நேசத்தைப் பெற்றவன் அதனைத் தனக்கு எவ்விதத்திலும் உறவல்லாதவர்க்கு வழங்கக் கடமைப்பட்டவன் என்பதே அக்கோட்பாட்டின் சாரம். ஒவ்வொரு செயலையும் அருளாளனாகிய இறைவனின் திருப்பெயரால் தொடங்கும் மரபில் வளர்ந்த நம் மாணவர்களுக்கு இக்கருத்து அயலானது அன்று.

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. நெஞ்சில் சுரக்கும் இரக்கம் மட்டுமே ஓர் உயிரைக் காத்துவிடுமா? கண்ணீர் மருந்தாகுமா? இவ்வினாவை ஏட்டில் படித்து அறியாமல், ஓர் இரவில் நேருக்கு நேர் சந்தித்து, பின்னர் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கு விடையாக ஆக்கிக் காட்டியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர் என்ற அளவில் அவர் பெயரை அறியாதார் இலர். தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு அப்பெயர் இன்னும் நெருங்கியது. அரூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வேலூர் செல்லும் நெடுவழியில், தீராத நோய்க்கு இறுதி நம்பிக்கையாக அந்த மருத்துவமனையை நாடிச் சென்ற குடும்பங்கள் நம் ஊர்தோறும் உள்ளன. அம்மருத்துவமனை எவ்வாறு தோன்றியது என்பதை அறிவது நமக்குப் பயன் தருவதாகும்.

குடும்ப மரபு

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரில் புகழுடன் விளங்கிய மருத்துவர். சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஒருங்கே ஆற்ற விரும்பி 1819ஆம் ஆண்டு மனைவியுடன் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணி தொடங்கிய அவர், பின்னாளில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மைந்தர்கள் எழுவர் இந்தியாவில் சமயத் தொண்டு புரிந்தனர். அவர்களுள் மூவர் 1853இல் ஆர்க்காடு மிஷன் என்னும் அமைப்பை நிறுவினர். இளைய மைந்தராகிய இரண்டாம் ஜான் ஸ்கடரும் தந்தையைப் போன்றே மருத்துவர். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஒரே பெண் மகவாகப் பிறந்தவரே ஐடா.

அவருக்கு ஆறேழு வயது நடந்தபோது தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அக்கொடும் பஞ்சத்தில் வட ஆர்க்காடும், நம் தருமபுரிப் பகுதி அக்காலத்தில் அடங்கியிருந்த சேலம் மாவட்டமும் பெருந்துயர் உற்றன. உணவு நாடி மிஷன் வளாகத்தில் திரண்ட குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை வழங்கும் பணி சிறுமி ஐடாவுக்கும் கிடைத்தது. கையை நீட்டவும் வலுவற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியை ஊட்ட வேண்டியிருந்தது. சாலையோரங்களில் சிறு உடல்கள் கிடந்ததையும் அப்பிஞ்சுக் கண்கள் கண்டன.

இத்தகைய காட்சிகளால் அவர் நெஞ்சில் தொண்டுள்ளம் அன்றே முளைத்தது என்று எழுதிவிடுதல் எளிது. ஆனால் அது உண்மைக்குப் புறம்பாகும். உண்மையில் அவர் நெஞ்சில் முளைத்தது அச்சமும் வெறுப்புமே. வறுமையும் நோயும் வெயிலும் நிறைந்த இந்நாட்டை விட்டு விலகிவிட வேண்டும் என்பதே அவரது உறுதியாயிற்று. குடும்பத்துடன் அமெரிக்கா சென்றபின், பெற்றோர் பணியின் பொருட்டு மீண்டும் இந்தியா திரும்ப, மகள் அங்கே தனித்து விடப்பட்டாள். தாயின் பிரிவை எண்ணித் தலையணை நனைய அழுத அப்பெண்ணுக்கு, தாயைத் தன்னிடமிருந்து பிரித்தது இந்தியாவே என்னும் மனக்குறையும் சேர்ந்துகொண்டது. ஸ்கடர் குடும்பத்தினர் அனைவரும் தொண்டர்களாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்குச் சுமையாகவே இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற நாள்களில் குறும்பும் கலகலப்பும் மிக்க மாணவியாக விளங்கிய அவர், அமெரிக்காவிலேயே மணம்புரிந்து இனிது வாழும் கனவையே வளர்த்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890இல் தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. அன்னைக்குத் துணையாகச் சில காலம் இருந்து திரும்புவது என்ற முடிவுடன் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். அவரை இங்கு கொணர்ந்தது அன்பு. பெற்றவள்மீது கொண்ட அன்பு. அருள் என்னும் படியை அவர் இன்னும் எட்டவில்லை.

அங்கே ஓர் இரவு அவர் தம் அறையில் இருந்தபோது, வாயிலில் ஒருவர் வந்து நின்றார். அவர் அந்தணர், கற்றவர். அவருடைய இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடாவை வந்து உதவுமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை உடனே அனுப்புவதாகவும் ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் இல்லத்துப் பெண்ணைக் காண்பது குல வழக்கம் அன்று என மறுத்து அவர் துயரத்துடன் திரும்பினார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடியோசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம் பெருமகன். அதே துன்பம், அதே வேண்டுகோள். தந்தையாருடன் தானும் உடன் வருவதாக ஐடா கூறியும், கோஷா முறையில் வாழும் தம் மனைவியை அயல் ஆடவர் பார்க்க இசைய இயலாதென்று அவரும் திரும்பினார். மூன்றாவதாக வந்தவர் உயர்குலத்து இந்து ஒருவர். அவரும் அவ்வாறே வந்தார்; அவ்வாறே சென்றார். மூவர்க்கும் தம் மனைவியர் பிழைக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை; இருள் சூழ்ந்த நேரத்தில் அயல்நாட்டார் வீட்டு வாயிலைத் தேடி வந்ததே அவ்வாசைக்குச் சான்று. மகளிரின் மானம் என்று தாம் நம்பிய ஒன்றைக் கைவிட அவர்களால் இயலவில்லை.

அவ்விரவு ஐடாவுக்கு உறக்கம் இல்லை. விடியற்காலையில் ஊரிலிருந்து பறையோசை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது. அறைக்குள் சென்று கதவடைத்து நெடுநேரம் இறைவனை வேண்டியிருந்தபின் வெளிவந்த அவர், தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிபுரியத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் பலவாறு எடுத்துரைப்பர். அவற்றுள் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவ்வீட்டில் அன்றிரவு இரக்கம் இருந்தது. மகளின் நெஞ்சு உருகியது. மருத்துவ அறிவும் இருந்தது. தந்தை தேர்ந்த மருத்துவர். ஆனால் இரக்கம் ஓரிடத்திலும் அறிவு வேறோர் இடத்திலுமாகப் பிரிந்து நின்றன. இரண்டும் ஒரு பெண்ணிடத்தே ஒருங்கு சேராமையால் மூன்று உயிர்கள் பிரிந்தன. ஐடா கண்ட உண்மை இதுவே. அம்மூவரின் வழக்கத்தைப் பழித்து ஒரு நூல் எழுதியிருக்கலாம். கண்ணீர் வடித்துக் கப்பலேறியிருக்கலாம். அவரோ மக்களின் நாண உணர்வை மதித்து, அதனோடு பொருந்துமாறு உயிரைக் காக்கும் வழி யாது எனத் தேடினார். பெண் மருத்துவர் வேண்டும். அப்பெண்ணாகத் தாமே ஆகவேண்டும். முடிவு இவ்வளவே.

கல்வி என்னும் தவம்

பெண்களுக்கு மருத்துவக் கல்வி அன்று எந்நாட்டிலும் எளிதில் கிட்டியது அன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு மகளிர்க்கு இடமளித்து முன்னோடியாயிற்று. அந்த அம்மையாரின் முயற்சியால் 1885இல் சென்னையில் தோன்றியதே பின்னர் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கிய மருத்துவமனை. எனினும் அவ்வொளி தலைநகருக்கு அப்பால் சிற்றூர்களை எட்டவில்லை என்பதைத் திண்டிவனத்து இரவு காட்டியது.

ஐடா 1895இல் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மகளிர்க்கும் கதவு திறந்தபோது இறுதியாண்டுப் படிப்பை அங்கே நிறைவு செய்து 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் மகளிர் மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வருமாறு மிஷன் சங்கத்தார் அவரைப் பணித்தனர். புறப்படும் நாள் நெருங்கியும் தொகை சேரவில்லை. அந்நிலையில் ஷெல் என்னும் முதிய வங்கியாளர், ஐடா ஓர் அம்மையாரிடம் இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டார். மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். மூன்று இளம் பெண்களின் மரணம், கடல் கடந்து, மனைவியை இழந்த ஒரு முதியவரின் நெஞ்சைத் திறந்தது.

வேலூரில் தொடக்கம்

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தம் தோழி ஆனி ஹான்காக்குடன் வேலூர் வந்தடைந்தார். தந்தையாரின் அருகிருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே தந்தையார் புற்றுநோயால் மறைந்தார். அனுபவமற்ற இளம் மருத்துவர் தனித்து நின்றார். மக்களும் தொடக்கத்தில் அவரை நம்பவில்லை. பெண் ஒருத்தி மருத்துவம் பார்ப்பாள் என்பதே அவர்களுக்குப் புதுமை.

தங்கியிருந்த பங்களாவின் சிற்றறை ஒன்றே மருந்தகம், ஒரே படுக்கை. சலோமி என்னும் தமிழ்ப் பெண்மணி அவருக்கு உதவியாளரானார். ஒருவர் நலம்பெற்றுச் சென்று மற்றொருவரை அழைத்து வர, நோயாளர் எண்ணிக்கை பெருகியது. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு அவர் மருத்துவம் செய்ததாகக் கூறுவர். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வந்து தங்கும் இடம் ஒன்று வேலூருக்குக் கிடைத்தது. திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் இல்லத்தரசியரும் அவரைத் தம் வீட்டு அறைகளுக்கு அழைத்தனர்.

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களை நாடி அவரே செல்லலானார். குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரநிழலில் வண்டி நிற்கும். அதற்கு முன்னரே தொழுநோயாளரும், கண்ணோயாளரும், புண்பட்ட கைகால்களுடன் உழவர்களும் காத்திருப்பர். முதலில் மாட்டுவண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் இப்பயணம் தொடர்ந்தது. மோட்டார் வண்டியை முதன்முதலில் கண்டவர்கள் அஞ்சி ஓடினர் என்பர். பின்னர் அதே ஒலியைக் கேட்டு ஓடி வந்தனர். நாளடைவில் அம்மரநிழல்களே சாலையோர மருந்தகங்கள் எனப் பெயர் பெற்றன.

ஒருவர் பலராதல்

ஒரு மருத்துவர் எத்தனை கதவுகளுக்குச் செல்ல இயலும்? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகள். ஐடா அப்போது மருத்துவராக இருந்திருப்பினும், மூன்று வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் சென்றிருக்க முடியாது. நாடெங்கும் எத்தனை திண்டிவனங்கள்! இவ்வெண்ணமே அவரை மருத்துவராக மட்டும் நில்லாமல் ஆசிரியராகவும் ஆக்கியது. இந்நாட்டுப் பெண்களே இந்நாட்டுப் பெண்களுக்கு மருத்துவராக வேண்டும் என்பது அவர் துணிவு. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, மகளிர்க்கென மருத்துவப் பள்ளி தொடங்க அரசின் இசைவை நாடினார்.

சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்பது அவர் கணிப்பு. ஆனால் விண்ணப்பங்கள் ஐம்பதுக்கும் மேலாக வந்தன. 1918 ஆகஸ்ட் 12ஆம் நாள் மிகச்சில மாணவியருடன் பள்ளி திறக்கப்பட்டது. கட்டடம் இல்லை, கருவிகள் குறைவு, கற்பிப்போரும் சிலரே. உடற்கூறு கற்பிக்க ஓர் எலும்புக்கூடு, சில நூல்கள், ஓயாத உழைப்பு ஆகியவையே முதலீடு. முதலாண்டுத் தேர்வில் மாகாணத்து ஆடவர் மருத்துவப் பள்ளி மாணவர்களுள் பெரும்பாலோர் தவறினர். வேலூரிலிருந்து எழுதிய 14 மாணவியரும் தேறினர். மகளிர் அறிவு குறைந்தவர் என்ற பழைய வாதத்திற்கு அவர்கள் மறுமொழி உரைக்கவில்லை, மதிப்பெண்ணால் விடையளித்தனர். 1922இல் அந்த முதல் அணியினர் எல்.எம்.பி. பட்டயம் பெற்று வெளியேறினர்.

இங்கே கிறித்தவ மறையில் வரும் ஓர் உவமைக் கதையை நினைவிற் கொள்ளலாம். கள்வரால் தாக்குண்டு வழியில் கிடந்த ஒருவனைச் சமய ஆசாரியன் கண்டும் காணாமற் சென்றான். ஆலய ஊழியனும் விலகிச் சென்றான். யூதர்களால் இழிவாகக் கருதப்பட்ட சமாரியன் ஒருவனே நின்று இரங்கினான். இரங்கியதோடு அவன் நிற்கவில்லை. புண்ணில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான், தன் ஊர்தியில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், தான் சென்றபின்னும் பேணுவதற்குப் பொருள் கொடுத்து, மிகுதியானால் திரும்பி வந்து தருவதாகவும் உறுதியளித்தான். இவ்வுவமையில் இரக்கம் ஒரு சொல்லில் முடிகின்றது. செயல்களோ வரிசையாகத் தொடர்கின்றன. மருந்தும் ஊர்தியும் இடமும் பொருளும் நாளைக்கான ஏற்பாடும் சேர்ந்ததே அருள். ஐடா அம்மையாரின் வாழ்வு இவ்வுவமைக்கு எழுதப்பட்ட விரிவுரை எனலாம்.

சமயமும் சேவையும்

நம் பெரியோர்கள் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். மதம் பரப்புதலே மிஷன் மருத்துவமனைகளின் நோக்கம் அன்றோ என்பர். இவ்வினா நேர்மையானது, அதற்கு நேர்மையான விடையே தரவேண்டும். ஆர்க்காடு மிஷன் சமயம் பரப்பும் அமைப்பே. ஐடாவின் தோழி ஆனி ஹான்காக் வீடுதோறும் சென்று மகளிரிடையே தம் சமயத்தை எடுத்துரைத்தவரே. ஐடா அம்மையாரும் தம் நம்பிக்கையை என்றும் மறைத்தவர் அல்லர். இறைவேண்டலுடனேயே ஒவ்வொரு நாளையும் தொடங்கினார். ஆனால் நோயாளி எச்சமயத்தவர் என்பது மருந்து தருவதற்கு நிபந்தனை ஆகவில்லை. அவரைத் தொண்டிற்கு அழைத்த அம்மூவருள் ஒருவரும் கிறித்தவர் அல்லர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தணரும் முஸ்லிமும் மற்றோர் இந்துவும் வந்து நின்ற வாயிலையே இறைவன் தன்னை அழைத்த வாயிலாக அவர் கொண்டார். தம் சமயத்தில் ஆழ வேரூன்றியவர், பிற சமயத்தார் மாண்பை மதித்துப் பணிபுரிய இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அவர் வழிபட்ட முறையை ஏற்காதவரும் அவர் கையால் நலம் பெற்றனர்.

சோதனையும் துணிவும்

மருத்துவமனை வளர்ந்து 1920களில் தோட்டப்பாளையத்தில் புதிய கட்டடங்களில் அமைந்தது. பணி நிலைபெற்றுவிட்டது என்று எண்ணிய வேளையில் 1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. பட்டயப் படிப்பை நீக்கி, மருத்துவக் கல்வி முழுவதும் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பாகவே அமைய வேண்டும் என்று மாகாண அரசு முடிவு செய்தது. கல்வித்தரம் உயர வேண்டும் என்ற நோக்கில் அது நல்ல முடிவே. ஆனால் பட்டக் கல்லூரிக்குரிய பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் வேலூரில் இல்லை. நிறைவேற்றாவிடில் பள்ளி மூடப்படும்.

எழுபது வயது கடந்த நிலையில், உலகப்போர் மூண்டிருந்த காலத்தில், 1941இல் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகச் சென்று நிதி வேண்டினார். அங்கே மற்றொரு நெருக்கடி காத்திருந்தது. ஆடவர் பெண்டிர் இருபாலர்க்கும் உரிய கல்லூரியாக மாற்றினால் பல திருச்சபைகள் ஒன்றுகூடி உதவும் நிலை இருந்தது. ஆனால் மகளிர்க்கென்றே பல்லாண்டுகள் நிதி திரட்டித் தந்த நெருங்கிய தோழியர் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்காக எழுந்த நிறுவனத்தில் ஆடவர் நுழைந்தால் பெண்கள் பின்தள்ளப்படுவர் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சமும் பொருளற்றது அன்று. ஐடா நெடிது சிந்தித்தார். தம் கனவின் வடிவத்தைக் காப்பதா, கனவின் நோக்கத்தைக் காப்பதா என்னும் நிலையில் நோக்கத்தையே தேர்ந்தார். பழைய நட்புகள் சில முறிந்தன. 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு கிடைத்தது. 1947இல் முதன்முதலாக ஆடவர் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். அதே காலத்தில் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தாம் நட்ட மரத்தின் காவலை இந்நாட்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகும் பக்குவமும் ஐடா அம்மையாரிடம் இருந்தது.

அவர் இட்ட அடித்தளத்தின்மேல் பிறர் எழுப்பியவை பல. 1946இல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகோர்க்கு வழிகாட்டினார். 1954இல் விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை செய்தும், பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையை அங்கே நிலைநாட்டியும் புகழ்பெற்றார். இன்று நாடெங்கிலுமிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கு வருகின்றனர். ஐடா பிறந்த மண்ணாகிய இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அதன் பெரிய வளாகம் ஒன்று இயங்குகின்றது.

இறுதி நாள்களும் நினைவும்

ஓய்வு பெற்றபின் கொடைக்கானல் மலையில் வாழ்ந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது 89ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரையும் நாட்டின் பெயரையும் மட்டும் எழுதி அனுப்பப்பட்ட கடிதம் தவறாமல் அவர் கையைச் சேர்ந்தது என்று கூறுவதுண்டு. இந்நாட்டை விட்டு ஓட விரும்பிய சிறுமிக்கு இந்நாடே முகவரி ஆயிற்று. அவர் நிறுவிய கல்லூரியைச் சிறப்பிக்கும் வகையில் இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டு அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே! நம் தருமபுரி 1965இல் தனி மாவட்டமாயிற்று. மழை குறைந்த, மலைகள் சூழ்ந்த இம்மாவட்டத்தில் பெண்மக்களின் நிலை நெடுங்காலம் கவலைக்குரியதாகவே இருந்துள்ளது. பெண்சிசுவைப் பாரமாகக் கருதும் கொடுமை இங்கு நிலவியதால்தான் 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இம்மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. இளவயதுத் திருமணம் இன்னும் முற்றாக அகலவில்லை. மறுபுறம், 1989இல் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் முதன்முதலில் வேர்விட்டதும் இம்மண்ணிலேதான். 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. ஆகவே அன்று ஐடாவுக்குக் கிட்டாத வாய்ப்புகள் இன்று நம் வீட்டுப் பெண்களுக்கு வாயிலருகே உள்ளன. அவர் கடல் கடந்து சென்று கற்றதை நம் மகளிர் பேருந்தில் சென்று கற்கலாம்.

சமுதாயப் பெரியோர்களுக்கு அம்மையாரின் வாழ்வு உணர்த்துவது ஒன்று. பெண்ணின் மானத்தைக் காக்க விரும்புவோர், அப்பெண்ணுக்கு மருத்துவம் பார்க்க மற்றொரு பெண்ணைக் கற்பிக்கவும் கடமைப்பட்டவர். ஒன்றை வேண்டி மற்றொன்றை மறுத்தால், விடியலில் பறையோசையே மிஞ்சும். அன்றைய மூன்று கணவர்களும் தீயவர் அல்லர். தம் மனைவியரைக் காக்க வல்ல பெண்ணை அவர்தம் சமுதாயம் உருவாக்கி வைக்கவில்லை. நாம் அக்குறையை வைத்துச் செல்லலாகாது.

மாணவர்களுக்கு உணர்த்துவது மற்றொன்று. இரக்கம் இறைவன் தரும் வித்து. அதனை விளைவிப்பது கல்வி. துன்பம் கண்டு உருகும் நெஞ்சு உங்களிடம் இருக்குமாயின், அந்நெஞ்சை வெறுங்கையுடன் விடாதீர்கள். மருத்துவமோ சட்டமோ ஆசிரியமோ வேளாண்மையோ, எதைப் பயின்றாலும் பிறர் துயர் துடைக்கும் அளவுக்குத் தேர்ச்சியுறப் பயிலுங்கள். தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வோர் இரவும், என்றோ எவரோ நம் கதவைத் தட்டப்போகும் இரவுக்கான ஆயத்தம் ஆகட்டும்.